நம்பரு நைனாவின் சுவர்ப் பட்டியல்

திருமலையில் முடி இறக்கிய பிடிவாதக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். நம்பரு நைனா மாதிரி ஒருத்தரை அந்தப் பெருமாளே பார்த்திருக்கமாட்டார். பாராட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் மேல் எனக்கு இருந்தது சுத்தமான வயிற்றெரிச்சல்.

படித்த பிள்ளைகளெல்லாம் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் ஓடிக்கொண்டிருந்த காலம். திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் ஆபீஸ், ஏழு பேர். டீயும் மதியச் சாப்பாடும் என் கை. கையெழுத்துப் போடுவேன், நம்பர் படிப்பேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஆனாலும் அந்த ஆபீசுக்கு ராணி நான்தான். தலைவலியோ, வீட்டுச் சண்டையோ, பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி "பெத்தம்மா" என்று என் அடுப்படிக்குத்தான் வருவார்கள்.

அங்கே வந்து இறங்கினார் நகரி ஊர்க்காரர் ஒருத்தர். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லையாம். வேறு யாரோ எழுதி வைத்த துண்டுகளை இன்டர்நெட்டில் இறக்கி, அதன் மேல் கட்டுவார்களாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர். நம்பர் மாறினால் ஒருத்தனிடம் ஓடுவது இன்னொருத்தனிடம் ஓடாது. அதனால் இவர் அத்தனை நம்பரையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். தினம் காலையில் பூசாரி மாதிரி ஒவ்வொருத்தர் மெஷினாகப் போய்ச் சரிபார்ப்பார். நம்பரு நைனா என்று பேர் வந்தது அப்படித்தான்.

ஒருநாள் சீனு என்கிற பையன் எதிர்த்துப் பேசினான்.

"நைனா, என் மெஷின்ல நல்லா ஓடுதே!"

"ஓடுதா? அப்போ புரோகிராம் வாங்குற பார்ட்டிக்கு உன் மெஷினையே பார்சல் பண்ணிடலாம், வா."

சொன்ன கையோடு கம்ப்யூட்டரைப் போர்வையில் மூட்டை கட்டிப் படிக்கட்டு வரை தூக்கிவிட்டார். "தப்பு நைனா, நம்பர மாத்திடறேன்!" என்று பின்னாலேயே ஓடினான் சீனு. ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. நான் கொண்டுவந்த டீ ஆறியதை யாரும் பார்க்கவில்லை.

என் சாம்பாரையும் விடவில்லை.

"பெத்தம்மா, நேத்து ஒரு ருசி, இன்னிக்கு ஒரு ருசி. இன்னா போட்டீங்கன்னு எழுதி வெச்சிருங்களேன்."

"என் கை மாறாது நைனா. உன் நாக்குதான் மாறிக்கினு கீது."

அப்புறம் எதற்கெடுத்தாலும் "நைனாவைக் கேளு" என்றாகிவிட்டது. என் அடுப்படி காலி.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தேன். சுவரில் அந்தக் காகிதம். அதுவும் ஆயுதம்தானே? கை நிறையச் சந்தனம் எடுத்து நட்டநடுவில் அப்பினேன். நாலைந்து வரி காணாமல் போனது. சாமி சந்தனத்தைத் துடைக்க யாருக்குக் கை வரும்?

அந்த வாரமே பவானி என்று புதுப் பெண் சேர்ந்தாள். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக இறக்கினாள். சந்தனம் மறைத்த இடத்தில் எது புதுசோ அதைப் போட்டுக்கொண்டாள்; மறைந்த வரிகளை நைனாவாலும் சரிபார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பார்ட்டி வந்து உட்கார்ந்தபோது அவள் செய்தது ஓடவில்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"நாளையிலேர்ந்து நீ வராதம்மா" என்றார் முதலாளி.

அந்தப் பெண் என் அடுப்படியில் வந்து தேம்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று போய் வாயைத் திறந்தேன். நைனா முந்திக்கொண்டார்.

"சார், தப்பு என்னுது. லிஸ்ட்ட சுவத்துல வெச்சிருக்கவே கூடாது."

பவானியின் வேலை தப்பியது. மறுநாளே பட்டியலை புரோகிராமுக்குள்ளேயே வைத்துவிட்டார். யார் அதை எடுத்தாலும் அதே நம்பர் துண்டு தானாக இறங்குமாம். எல்லோரும் கை தட்டினார்கள். டம்ளரை வைக்க அடுப்படிக்கு வந்தவர் என்னிடம் மட்டும், "சந்தனம் கொஞ்சம் ஜாஸ்தி பெத்தம்மா" என்றார். அவ்வளவுதான். நான் சொல்லவேண்டியதை அவர் சொல்லி நல்ல பேர் வாங்கிவிட்டாரே என்று அதற்கும் எரிந்தது.

அடுத்த வருஷம் அவரும் பெங்களூருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்தவன் என்னிடம் டீ கேட்டுக்கொண்டே, "யாரு பெத்தம்மா அந்தப் பைத்தியம், நம்பர் நம்பர்னு கத்துமாமே?" என்று சிரித்தான்.

நைனாவைத் திட்ட அந்த ஆபீசில் எனக்கு மட்டும்தான் உரிமை. அவனுக்கு அன்றைக்கு டீ கிடையாது என்றுவிட்டேன்.