என் நாற்பத்தைந்தும் சபையின் பக்கக் கதவும்

பைன் ஃபோர்க், டென்னசி
செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை

மைத்துனன் ராஸ்கோ ப்ளெவின்ஸுக்கு, உன் அக்காள் புருஷன் வர்ஜில் டாக்கெட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் லொரெட்டாவும் சுகம். நீயும் உன் மனைவி டாலியும் உன் நான்கு வேட்டை நாய்களும் சுகமாக இருக்க வேண்டும். உன்னைப் பற்றி மட்டும் மரியாதைக்காகத்தான் எழுதினேன். நாய்களைப் பற்றி எழுதியது மனதார.

அரை மைல் தள்ளி இருப்பவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் நடுவிலேயே சிரிப்பாய். கடிதம் என்றால் நீ சிரிப்பது என் காதில் விழாது.

சபைக் கூடத்தில் காபி டிரம்முக்கு மேலே நீ ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்தேன். அக்டோபர் முதல் ஞாயிறுக்குள் ஆராதனை நேரத்தில் கதவுகளில் நிற்கும் நம் காவல் குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் ஏழு கஜ தூரத்திலிருந்து காகிதச் சாப்பாட்டுத் தட்டில் பத்துக்கு எட்டு குண்டு போட்டுக் காட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் வாக்கி டாக்கியைத் திருப்பித் தர வேண்டுமாம். அடியில் சின்ன எழுத்தில், 'ஒன்பது மில்லிமீட்டர் நல்லது' என்று வேறு. அந்தச் சின்ன எழுத்து யாருக்காக என்று எனக்குத் தெரியாதா? குழுவில் ஆறு பேர். ஐந்து பேர் இடுப்பிலும் ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கி. அங்குலக் கணக்கில் பெரிய குண்டு போடும் நாற்பத்தைந்து வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பெயரையே போட்டிருக்கலாமே, மை மிச்சம் பிடித்தாயா?

அந்தத் துப்பாக்கியை 1979-இல் எரிவாயு லாரியில் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கினேன். நாற்பத்தைந்து சுட்ட ஓட்டையில் சுண்டுவிரல் நுழையும். ஒன்பதின் ஓட்டையில் பென்சில்தான் நுழையும். இதை உன்னிடம் நூறு முறை சொல்லியாயிற்று. நீயும் நூறு முறை அதையே சொல்கிறாய்: "காலம் மாறிப்போச்சு அத்தான், இப்ப வர்ற தோட்டாவே வேற. ஒன்பதும் நாப்பத்தஞ்சும் ஒரே வேலைதான் செய்யுது." ஒரே வேலைதான் செய்கிறதென்றால் உன் மீன்பிடிப் படகை விற்றுவிட்டு, பீப்பாயில் உட்கார்ந்து ஏரிக்குப் போயேன். அதுவும் மிதக்கத்தானே செய்கிறது!

சரி, உன் கொட்டகைக்குப் பின்னால் அந்த மண்மேட்டில் நடந்ததற்கு வருகிறேன். பத்தில் நான்குதான் தட்டில் பட்டது, ஒத்துக்கொள்கிறேன். காற்று அடித்தது. சிரிக்காதே. ஆனால் என் தோட்டாக்களுக்கு நடுவில் எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத ஒரு வெத்துத் தோட்டாவைச் சொருகினாயே, அது எந்த ஊர் நியாயம்? துப்பாக்கி 'டக்' என்று சும்மா சொன்னது, வெடிக்கவே இல்லை, அதற்குள் என் கை கீழே சரிந்து, கண் இறுக மூடிக்கொண்டதை ஐந்து பேரும் பார்த்தார்கள். "அத்தான், வெடிக்காததுக்கே இப்படிப் பயந்தா எப்படி? மீதி ஆறும் மாநிலம் தாண்டி கென்டக்கிக்கே போயிருக்கும்" என்றாய். அதைக் கேட்டுப் போதகர் ஹஸ்கெல்கூடத் திரும்பி நின்று சிரித்தார். அவர் தோள் குலுங்கியது, நான் பார்த்தேன்.

நாற்பத்தைந்து கனம் அதிகம் என்கிறாய். இருக்கட்டுமே. ஈஸ்டர் அன்று இரண்டு கையிலும் காணிக்கைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் வரும்போது துப்பாக்கிக் கனத்தில் என் கால்சட்டை வலது பக்கமாக இறங்க ஆரம்பித்தது வாஸ்தவம். தட்டைப் போடவும் முடியாது, கால்சட்டையை விடவும் முடியாது. நான் முழங்காலை ஒட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடந்ததைப் பார்த்த பாடகர் குழு இரண்டாம் சரணத்தை விட்டுவிட்டு நேரே நான்காவதுக்குப் போனது. மறுநாளே கால்சட்டையைத் தாங்கத் தோள்வார் வாங்கிவிட்டேன். விஷயம் அதோடு முடிந்தது.

எல்மா ஹாட்ச்சர் அம்மாள் விஷயம் முடியவில்லை, அதற்கும் நீதான் காரணம். எண்பத்துநான்கு வயது அம்மாள், சபை வாசல் சரிவுப் பாதையில் கைபிடித்து ஏற்றிவிட்டதும் என்னைக் கட்டியணைத்து ஆசீர்வதிப்பது வழக்கம். ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவள் கை என் இடுப்புத் துப்பாக்கியில் பட்டுவிட்டது. "வர்ஜில், என்னப்பா இது, இவ்ளோ பெரிய கட்டி? கல்லு மாதிரி இருக்கே! டாக்டர்கிட்ட காட்டினியா?" என்றாள். யாரிடம் ஆயுதம் இருக்கிறது என்பது சபைக்குத் தெரியவே கூடாது என்பது நீ போட்ட முதல் விதி. நான் என்ன சொல்வேன்? "ரொம்ப நாளா இருக்கும்மா, தொந்தரவு இல்ல" என்றேன். பத்தாவது நிமிடத்தில் ஜெப விண்ணப்பத்தில் என் இடுப்புக் கட்டி முதலிடத்தில் இருந்தது. எல்லாரும் தலை குனிந்து ஜெபித்தார்கள். நீயும் குனிந்தாய், ஆனால் உன் காது சிவந்திருந்தது. மூன்று நாளில் ஐந்து வீட்டிலிருந்து கோழியும் நூடுல்ஸும், இரண்டு வீட்டிலிருந்து வாழைப்பழப் புட்டிங்கும் வந்தன. நோயாளி என்ற முறையில் எல்லாவற்றையும் தின்றேன். லொரெட்டா ஏழு நன்றிக் கடிதம் எழுதினாள். "உங்க இடுப்புக்கு நன்றி சொல்லியே என் கை ஒடிஞ்சுபோச்சு" என்றாள்.

இத்தனைக்கும் பிறகும் சொல்கிறேன் ராஸ்கோ, மாற மாட்டேன். உன் அக்காள் நகரத்துக் கடையில் சின்னதாக ஒரு ஒன்பது வாங்கி வைத்திருக்கிறாள். சோப்புக்கட்டி அளவு. அதைத் தொடக்கூட மாட்டேன். கட்டைவிரலில் வாதம் இருக்கிறது, கை கொஞ்சம் நடுங்குகிறது, அதனால் என்ன? பதினோரு வருஷம் அந்தப் பக்கக் கதவில் நின்றிருக்கிறேன். எதிரே குழந்தைகள் அறை. அதனால்தான் அந்தக் கதவைக் கேட்டு வாங்கினேன். லாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, ஞாயிறு காலை அந்த ஒன்றரை மணி நேரம்தான் நான் இல்லாவிட்டால் யாராவது 'வர்ஜில் எங்கே?' என்று கேட்கிற நேரம். அதையும் நீ பிடுங்கினால் மற்ற ஆறு நாளையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? சொல்லவே கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

ஆகவே இத்துடன் ஒரு காகிதத் தட்டை இரண்டாக மடித்து வைத்திருக்கிறேன். நேற்று மாலை உன் மண்மேட்டில், நீ ஊரில் இல்லாதபோது, ஏழு கஜத்தில் நான் சுட்டது. பத்துக்குப் பத்து. சாட்சியாக உன் அக்காள் விளிம்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளுக்குப் பொய் வராது என்பது உனக்கே தெரியும். எண்ணிப் பார்த்துக்கொள். வாக்கி டாக்கி என்னிடமேதான் இருக்கும்.

டாலிக்கும் நாய்களுக்கும் என் அன்பு. உனக்கு ஆண்டவர் புத்தியையும் கொடுத்து ஆசீர்வதிப்பாராக.

ஒருபோதும் மாறாத,
வர்ஜில் டாக்கெட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது லொரெட்டா தட்டைப் பிரித்து, ஒரு ஓட்டையில் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. "ராஸ்கோ முதல்ல இதைத்தான் செய்வான். நீங்களே எழுதிடுங்க" என்றாள். எழுதுகிறேன். அவள் வாங்கிய அந்தச் சோப்புக்கட்டி ஒன்பதால் சுட்டது. நீ சிரித்ததற்காக மாறவில்லை. போன வாரம் அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "கை நடுங்கறது தப்பில்லைங்க. ஆனா அந்த ஆறு குண்டும் எங்க போச்சுன்னு யோசிச்சீங்களா? அங்க மண்மேடு இருந்துச்சு. அந்தக் கதவுக்கு எதிர்ல பிள்ளைங்கதானே இருக்காங்க" என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் நாற்பத்தைந்துக்கு எண்ணெய் போட்டு அலமாரியில் பூட்டினேன். கூடத்தில் யாரிடமாவது இதைச் சொன்னால், நீ மான் என்று நினைத்து மெக்காபியின் கன்றுக்குட்டியைச் சுட்ட கதை காபி டிரம்முக்கு மேலே ஒட்டப்படும்.

இன்னொன்று. வரும் ஞாயிறு எல்மா அம்மாள் என்னை அணைப்பாள், கட்டி பாதியாகக் கரைந்துவிட்டது என்று எழுந்து நின்று சாட்சி சொல்வாள். நீ முதல் ஆளாக 'ஆமென்' சொல்ல வேண்டும். சிரிக்காமல்.