பனியனுக்குள் ஒரு தாயத்து

எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் பொய் சொல்லக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் செஞ்சியில் ஒரு ஆஸ்பத்திரியையே சிரிக்க வைத்தவள் நான்.

நிறுத்தியிருந்த பைக்கில் ஏறி விழுந்து, என் மூன்று வயது மகன் தொடை எலும்பை உடைத்துக்கொண்டான். இடுப்பு அசையவே கூடாது, மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு என்றார் டாக்டர். வீட்டுக்காரர் மஸ்கட்டில். டியூட்டியில் இருந்தார் போலிருக்கிறது, போனை எடுக்கவில்லை.

"கயிறு, காப்பு எதுவும் இருக்கக் கூடாது. கழட்டிட்டு இந்தப் பனியன மாட்டிவிடும்மா" என்றார் நர்ஸம்மா. கட்டுக்கு அடியில் போடுகிற இறுக்கமான பனியன்.

மகனின் அரைஞாண் கயிற்றில் தாயத்து. ஊருக்குப் போகும் முன் அவர் கட்டியது. "நான் வர்ற வரைக்கும் அவுக்காத" என்றிருந்தார். (அவர் பேச்சை நான் கேட்ட ஒரே தடவை இதுதான்.) அறுத்தால் அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். யோசனை கேட்கவும் பக்கத்தில் ஆள் இல்லை. தாயத்தை முதுகுப் பக்கம் தள்ளி, மேலே பனியனை இழுத்துவிட்டேன்.

"கழட்டிட்டேன் சிஸ்டர்" என்றேன், முகத்தில் பால் வடிய.

மயக்க ஊசி, கட்டு, எக்ஸ்ரே எல்லாம் முடிந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, முதுகுல தோட்டா மாதிரி இருக்குது?"

"தாயத்து சார்."

"அய்யய்யோ! அழுத்திக்கினே இருந்தா புண்ணாயிடும்மா. கட்ட வெட்டித்தான் எடுக்கணும். புள்ள அசைஞ்சா எலும்பு விலகிடும், ரெண்டு பேர் புடிக்கணும். கூட யாரு வந்திருக்காங்க?"

"நான்தான் சார்."

"வேற?"

"நான் மட்டும்தான்."

அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. அதுவரை அழ நேரமில்லை.

ஒரு தோளை நானும் மறு தோளை நர்ஸம்மாவும் பிடித்துக்கொண்டோம். கட்டு வெட்டும் மெஷின் சத்தத்துக்கு, மயக்கம் தெளிந்திருந்த மகன் அலறினான். கட்டு போடும் அண்ணன் முதுகில் ஜன்னல் மாதிரி வெட்டி, கயிற்றை அறுத்து, தாயத்தை என் கையில் வைத்தார். "எலும்பு நவுரல, பயப்படாத" என்றார். வார்டே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

மகன் இப்போது ஓடுகிறான். லீவில் வரும்போதெல்லாம் கதையைச் சொல்வது வீட்டுக்காரர்தான். "டாக்டர் மூஞ்சியப் பாக்கணுமே! எங்களுக்குச் சிரிப்ப அடக்க முடியல" என்பார். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் திருத்துவதில்லை. அன்று என்னோடு இன்னொருவர் இருந்ததாகக் கேட்பது எனக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.