பூகோளம் சார் எழுதிவைத்த அமெரிக்கா

உலகத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் ஆனையூரில் எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த பூகோளம் சார்தான். மிஷன் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவர். ஓய்வு பள்ளிக்குத்தான் கிடைத்தது, எங்களுக்கு இல்லை. தோசை வேண்டுமா என்று என் மனைவி கேட்டால், "இலங்கை சைசுல ஒண்ணு போதும்மா" என்பார்.

மூன்று வீட்டுக்கும் மொட்டைமாடியில் ஒரே தொட்டி. போன கோடையில் அது காலை பத்து மணிக்கே வறண்டது. காரணத்தை நான் உடனே கண்டுபிடித்தேன்: ஷேர் ஆட்டோ ஓட்டும் பாண்டியின் மாடி வீடு. பதினோரு பேர். நாங்கள் மூன்றே பேர். நாலு புத்தகம் படித்தவன் இல்லையா? மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி உருக்கமாக எழுதி, அவர்களைக் காலிசெய்யச் சொல்லி வீட்டுக்காரருக்கு ஒரு மனு தயாரித்தேன். சாரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"தலையை எண்ணிட்டீங்க தம்பி. வாளியை எண்ணுனீங்களா?"

சனிக்கிழமை விடிந்ததும் தொட்டியிலிருந்து வீடுகளுக்குப் போகும் மூன்று வால்வுகளையும் சார் மூடினார். சாயங்காலம் வரை எல்லோரும் கீழ்க்குழாயில்தான் பிடிக்க வேண்டும். வாளிக்கு ஒரு கோடு, சுவரில், சாக்பீஸால்.

பாண்டி வீட்டில் துணி அலசிய தண்ணீரே படிக்கட்டையும் கழுவிவிட்டுக் கொய்யாமரத்துக்குப் போனது. எங்கள் வாஷிங் மெஷினோ ஊற்ற ஊற்ற வாளி வாளியாகக் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. கார் கழுவ வாளி தூக்கியபோது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"தள்ளுங்கண்ணே, நான் தூக்கியாரேன்" என்று பாண்டி ஓடிவந்தான். "இம்புட்டுத் தண்ணி எதுக்குண்ணே, வீட்ல விசேசமா?"

மனு என் சட்டைப்பையில் சுருண்டது. சாரிடம் திரும்பினேன்.

"சார், காரையும் எங்க கணக்குலயா போடுறீங்க?"

"பின்ன, அது பாண்டிக்குப் பொறந்ததா?"

பாண்டி வீடு இருபத்திரண்டு கோடு. நாங்கள் முப்பத்தொன்று. சார் எங்கள் வால்வுக்கு மேலே 'அமெரிக்கா' என்று எழுதினார். பாண்டிக்கு 'இந்தியா'. தனியாளான தனக்கு 'அண்டார்டிகா'.

"அங்க தலை கம்மி, வாளி அதிகம். இங்க தலை அதிகம், வாளி கம்மி. ஆனா 'ஏன் இம்புட்டுப் பேரு இருக்கீக'ன்னு கேக்குறது மட்டும் அவுகதான் தம்பி!"

மனுவைக் கிழித்தேன். அப்படி ஒன்று இருந்தது பாண்டிக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் மெஷின் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது. தொட்டி சாயங்காலம்வரை தாங்குகிறது.

சார் இந்த வருடம் திருச்சிக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மழை பெய்தால் 'அமெரிக்கா' அழிந்துபோகும். ஒவ்வொரு முறையும் நானே சாக்பீஸ் எடுத்துப்போய், அவர் எழுத்து மாதிரியே கொஞ்சம் சாய்த்து எழுதிவைக்கிறேன்.