நீலமாகிப் போன சுத்த ரத்தம்

வெள்ளையாகவே இருக்க வேண்டிய குழாய் நீலமாகிக்கொண்டே வந்தது.

வேதியியல்காரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். குழாய்க்குள் கிடந்த பிளாஸ்டிக் மணிகள் அவள் பெற்ற பிள்ளைகள் மாதிரி. மூன்று வருடம் அமிலத்தில் குளிப்பாட்டி, காய்ச்சல் கிருமியின் புரதம் ஒட்டிக்கொள்ளும்படி அவற்றின் மேற்பரப்பையே மாற்றியிருந்தாள். காய்ச்சல் வந்து போனவர் ரத்தத்தை விட்டால், அதிலுள்ள எதிர்ப்புப்பொருள் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், சாயம் நீலமாகும். வராதவர் ரத்தம் என்றால் வெள்ளைதான்.

இந்தக் குழாயில் இருந்ததோ அவள் கணவனின் ரத்தம். போன வருடம் ஊரே காய்ச்சலில் படுத்தபோது ஒரு தும்மல்கூடப் போடாத ஆள்!

"உன் மணியில கண்டதெல்லாம் ஒட்டுதும்மா. அடுத்த வாரம் மருத்துவக் குழு வருது. இதைப் பார்த்தா திட்டத்தையே மூடிடுவாங்க" என்றார் மேலாளர்.

"என் மணி அப்படிப்பட்டது இல்ல சார்!"

பால் பவுடரைக் கரைத்து ஊற்றி, மணிகளில் மிச்சமிருந்த காலி இடங்களை அடைத்தாள். நீலம் அசையவில்லை. இரண்டு மடங்கு கழுவினாள். அழுக்கு நீங்கி, நீலம் பளிச்சென்று சிரித்தது. மனம் தளராமல், புரதத்தை இன்னும் இறுகப் பிடிக்கும் புது மணியே செய்தாள். இந்த முறை வந்த நீலத்திடம் மைக்கூடு தோற்றது.

"நீ சரி பண்ணப் பண்ண மோசமாகுதே!" என்று தலையில் கை வைத்தார் மேலாளர்.

மாலையில் ஊசியோடு வீட்டுக்கு வந்தாள்.

"மறுபடியுமா? என் ரத்தம் தங்கம்டி. உன் பிளாஸ்டிக்தான் போலி" என்று சட்டைக் கையை மடித்தான் கணவன்.

விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "எதுக்கும்மா இவனைக் குத்துறே?"

"காய்ச்சலே வராத ரத்தம் வேணும் அண்ணி. மத்தவங்க ரத்தத்துல எல்லாம் என் மணி தப்பாம சொல்லுது. அதுமேல எனக்கு உசிரையே வைக்கிற நம்பிக்கை. இவர் ரத்தத்துல மட்டும் பொய் சொல்லுது."

கணவன் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"அது எங்கேம்மா பொய் சொல்லுது? போன வருஷம் ஆபீஸ் பயிற்சின்னு உன்கிட்ட சொல்லிட்டு வந்தவன், பத்து நாளும் எங்க வீட்டுக் கட்டில்ல காய்ச்சலோட முனகிக்கிட்டுல்ல கிடந்தான்!"