ஒன்று புள்ளி நான்கு தடவை

வட்டம், சைபர், சராசரி முதலான கணக்குச் சமாசாரங்கள் தாமாகவே இருப்பவையா, மனிதன் உண்டாக்கியவையா? உலகத்து ஞானிகள் தாடி நரைத்தும் விடை காணாத இந்தக் கேள்வியை, திருப்பூர் ஈஸ்வரமூர்த்தி தன் பனியன் கம்பெனி மீட்டிங் ஹாலில், வடை ஆறுவதற்குள் தீர்த்துவைத்தார். இதற்கு ஊரில் ஒரு பிளெக்ஸ் கூட வைக்காதது நம் நன்றிகெட்டத்தனம்.

தீர்க்கவைத்த புண்ணியவதி ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர் அனுசுயா. பரமக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடி, வந்தால் அடக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு 'புரொடக்ஷன்' தெரியாது, பாவம்.

முதலாளி மகன் சுரேந்தருக்குத் தெரியும். எம்.பி.ஏ. மெஷின் ஆட்கள் பாத்ரூம் போவதை ஒரு மாதம் கவனித்து, 'சராசரி'யைக் கண்டுபிடித்திருந்தார். டார்கெட்டுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காத பெண்களையும் சேர்த்துக்கொண்டதால் கணக்கு வெகு சுத்தமாக வந்தது.

"ஷிஃப்டுக்கு ஒன்னு பாயிண்ட் நாலு தடவைங்க. நீங்க அதுக்கு மேல போறீங்க," என்றார் மீட்டிங்கில்.

"ஒன்னு புரியுது சார். அந்தப் பாயிண்ட் நால எப்படிப் போறது?"

சுரேந்தர் யோசித்தார். படிப்பு கைகொடுத்தது. "ரவுண்ட் ஆஃப் பண்ணி ஒன்னுன்னு வெச்சுக்கலாங்க."

அனுசுயா விடவில்லை. "அந்த ஒன்னு பாயிண்ட் நாலு தடவ போறவுக எந்த லைன்ல இருக்காக? நா ஒரு தடவ பாக்கணும்."

சுரேந்தர் அப்பாவைப் பார்த்தார். ஈஸ்வரமூர்த்தி வடையைக் கீழே வைத்தார்.

"கண்ணுக்குத் தெரியோணுமா அம்மணி? காத்து தெரியுதா? சாமி தெரியுதா? சராசரிங்கறது நாம உண்டாக்குனது இல்லீங்க. அது பாட்டுக்கு எப்பவும் இருக்குது. நம்ம சுரேந்தர் கண்டுதான் புடிச்சான். இருக்கறத மாத்த நாம யாருங்க?"

எத்தனை பணிவு! முதலாளியே கும்பிடும் சராசரிக்கு முன்னால் டெய்லர் எம்மாத்திரம்? மறுநாள் முதல் பாத்ரூமுக்கு ஆளுக்கு ஒரே டோக்கன். அனுசுயாவின் டோக்கன் காலை டீக்கு முன்பே தீர்ந்துவிடும். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தைப்பாள். வலியை விட, வேலை போய்விடுமோ என்ற பயம்தான் அவளைப் போட்டு வாட்டியது. சில வாரத்தில் காய்ச்சலோடு மெஷின் மேலேயே சாய்ந்தாள். ஒரு சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

சேதி, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் காதுக்குப் போய், அவர்கள் சார்பில் விசாரிக்க ஒரு அம்மையார் வந்து இறங்கினார். கன்னம் ஒட்டிப்போன அனுசுயாவையும் அழைத்து உட்காரவைத்தார்கள்.

"ஒரு தடவைக்கு மேல போகக்கூடாதுன்னு யார் சொன்னது?" என்று கேட்டார் அம்மையார்.

"சராசரிதான்..." என்று சுரேந்தர் ஆரம்பித்தார். அப்பா அவர் தொடையைக் கிள்ளினார்.

"சராசரின்னு ஒன்னு உலகத்துலயே இல்லீங்க மேடம்," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "நீங்க பாத்திருக்கீங்களா? சும்மா மனுசன் உண்டாக்கி வெச்ச கணக்குதானுங்களே."

ஆர்டர் கைநழுவும் என்று தெரிந்த நொடியில் தன் தத்துவத்தையே துறக்கும் துறவு எத்தனை ஞானிக்கு வாய்க்கும்? அம்மையார் திருப்தியாகத் தலையசைத்தார்.

அனுசுயா மெதுவாகக் கேட்டாள்: "எந்த மனுசன், மொதலாளி?"