ஹலோவீனுக்குக் கரைத்த இரத்தம்

பிள்ளைகளைச் சிரிக்க வைக்கக் கொஞ்சமாவது திறமை வேண்டும். பயமுறுத்துவதற்கு ஒன்றுமே வேண்டாம் என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில், பிள்ளைகள் பேய் வேசம் போட்டுக் கொண்டாடும் ஒரு ஹலோவீன் மாலை வரைக்கும்.

அப்போது மனோர் பார்க்கில் வாடகை வீட்டில் இருந்தோம். மகள் ஆரணிக்கு ஏழு வயது. புதுப் பள்ளிக்கூடத்தில் யாரும் அவளோடு சேர்வதில்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் வந்து, "அப்பா, எங்கட வீட்டில ஹலோவீன் பார்ட்டி எண்டு வகுப்பில சொல்லிப்போட்டன். வாறம் எண்டவை" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. எப்படி மறுப்பது?

மனைவி வசந்திக்கு அன்று வேலை. "தனிய உங்களால ஏலுமே?" என்று கேட்டாள். (அந்தக் கேள்விக்குள்ளேயே பதிலும் இருந்தது. எனக்குத்தான் விளங்கவில்லை.)

"பேய் வேசம் போடுறது ஒரு வேலையே?" என்றேன்.

வேலையிடத்தில் ஒருவர் ஒரு விளையாட்டுச் சொல்லித் தந்திருந்தார். விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கிண்ணங்களுக்குள் கைவிடச் சொல்ல வேண்டும். புழுவுக்கு நூடுல்ஸ், கண்முழிக்குத் தோலுரித்த திராட்சை, இரத்தத்துக்குத் தக்காளிச் சோஸ். புழுவுக்கு நான் இடியப்பத்தை நனைத்துப் போட்டேன். சோஸ் போத்தலோ காலி. எனவே வசந்தியின் மிளகாய்த்தூளை வெந்நீரில் குழைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அசல் இரத்தம்! இருட்டில் தொடப்போகும் இரத்தத்துக்கு நிறம் எதற்கு என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருக்கவில்லை.

சூனியக்காரிகளும் எலும்புக்கூடுகளும் வந்து சேர்ந்தார்கள். பழைய வேட்டியில் இரண்டு ஓட்டை வெட்டிப் போர்த்திக்கொண்டு விளக்கை அணைத்தேன். புழுவுக்குக் கிளுகிளுவென்று சிரித்தார்கள். இரத்தக் கிண்ணம் சுற்றி வந்தது. கொஞ்ச நேரத்தில் டானியல் என்ற எலும்புக்கூடு வீரிட்டது. பிறகு ஒரு சூனியக்காரி. பிறகு எல்லோரும்.

ஆகா, பயந்துவிட்டார்கள்! நான் உற்சாகம் தாங்காமல் "ஊஊஊ" என்று ஊளையிட்டபடி மேசையைச் சுற்றி ஓடினேன். அவர்கள் கத்தக் கத்த நானும் கூட்டிக் கத்தினேன்.

"அப்பா, லைட்டைப் போடுங்கோ! கண் எரியுது எண்டுகினம்!"

போட்டேன். பிள்ளைகளின் கை, கன்னம், கண், என் வேட்டி எல்லாம் சிவப்பு. டானியல் விரலை நக்கியும் பார்த்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. நான் அப்படியே ஓடிப்போய்த் திறந்தேன். வாசலில் டானியலின் தாய். அவள் கண்டதெல்லாம் இரத்தம் தோய்ந்த வேட்டியில் ஓர் உருவமும், அதற்குப் பின்னால் இரத்தக் கையோடு அலறும் பிள்ளைகளும்தான். அவள் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

அவளுக்குப் பின்னால் வேலை முடிந்து வந்த வசந்தி நின்றாள். ஒரு தரம் மூச்சை இழுத்து மணம் பிடித்தாள். "இஞ்சேருங்கோ, என்ர மிளகாய்த்தூளை எடுத்தனீங்களோ?"

பிறகு நடந்தவற்றில் எனக்குப் பங்கில்லை. (தந்திருக்கவும் மாட்டார்கள்.) வசந்தி கண்களைத் தண்ணீரால் கழுவினாள், டானியலின் தாய் சவர்க்காரம் போட்டுக் கைகளைத் தேய்த்துவிட்டுத் தயிர் பூசினாள். ஆரணி படிக்கட்டில் இருந்து அழுதாள்.

"இனி என்னோட ஒருத்தரும் கதைக்கமாட்டினம்."

அந்த வார்த்தை மிளகாயை விட எரித்தது. பேய்க்கு அழக்கூடாதென்று சட்டமா என்ன? வேட்டிக்குள்ளேயே நானும் அழுதேன்.

அடுத்த பள்ளி நாளன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பள்ளி வாசலில் டானியல் ஓடி வந்தான். ஆரணி வீட்டுப் பேயின் இரத்தம் உண்மையிலேயே சுடும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டானாம். வராதவர்களெல்லாம் ஆரணியைச் சூழ்ந்துகொண்டு, அடுத்த பார்ட்டி எப்போது என்று கேட்டார்கள்.

இன்றைக்கும் வசந்தி கறி உறைப்பாக வைத்தால், "அப்பாவின்ர இரத்தம் ஓடுது" என்பாள் ஆரணி. டானியலுக்கும் இப்போது ஒரு மகள் இருக்கிறாள். ஒவ்வொரு ஹலோவீனுக்கும் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவான். மணியடிக்க முன், அவளுக்குக் கையுறை மாட்டிவிடுவான்.