கதவில் தொங்கிய வெறும் பை

எனக்கு ஒரு வியாதி உண்டு. வெறும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்ப என்னால் முடியாது. பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்த சட்டி என்றால், நாலு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் திரும்பிப் போகும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு நன்றாகப் பாடமான ஒரே பாடம் இதுதான் (அதுவும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை). இந்த வியாதி முற்றித்தான், ஊரெல்லாம் பார்த்திருக்க, ஒஸ்லோ ரயிலில் முன்பின் தெரியாத ஓர் ஆம்பிளையின் கையைப் பிடித்தேன்.

அந்தப் பை முதன்முதலில் வந்தது ஒரு இலையுதிர்காலக் காலையில். ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவில் வரிசை வீடொன்றில் நானும் இவரும் மட்டும் இருக்கிறோம். கதவைத் திறந்தால், பிடியில் மெல்லிய வெள்ளைப் பை ஒன்று தொங்கியது. காற்று வந்தால் வயிறு நிறைந்தது போல உப்பும். காற்று போனால் ஒட்டிப்போகும். மூச்சு விடுகிறது என்றே நினைத்தேன். அதில் ஒரு சட்டையின் படமும் சப்பாத்தின் படமும் இருந்தன. நோர்வே எழுத்து எனக்குத் தெரியாது. படம் பிடித்து, வடக்கே ஹம்மர்பெஸ்ட்டில் நேர்ஸ் வேலை செய்யும் மகள் சுதாவுக்கு அனுப்பினேன்.

"பழைய உடுப்புச் சேர்க்கினம் அம்மா," என்றாள் போனில். "வியாழக்கிழமை காலமை வெளியிலை வச்சால் வந்து எடுப்பினம். இது ஃப்ரிவில்லிக். விருப்பமெண்டால் போடுங்கோ, இல்லாட்டி எறியுங்கோ."

"எறியிறதோ? ஆற்றையோ பையெல்லோ."

"அம்மா, அது பிளாஸ்டிக்."

பிளாஸ்டிக் என்றாலும் பாத்திரம் பாத்திரம்தான். இல்லாதவர் யாரோ என் வாசலில் வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கதவைத் தட்டக்கூட வெட்கப்பட்டிருக்கிறார். (நானும் அப்படித்தான் தட்டாமல் போயிருப்பேன்.) என் கம்பளிச் சட்டைகள் இரண்டையும் இவருடைய சுவெட்டர் ஒன்றையும் தோய்த்து, அயன் பண்ணி, பூவரசம் இலை மாதிரி மடித்து வைத்தேன். வியாழக்கிழமை பை போய்விட்டது.

அன்று முழுக்க ஜன்னலடியில் இருந்து அந்த உடுப்புகள் போகும் வழியை நினைத்துக்கொண்டிருந்தேன். என் பச்சைக் கம்பளிச் சட்டை ஒரு கப்பலில் போகிறது. நான் பார்க்காத ஒரு துறைமுகத்தில் இறங்குகிறது. அங்கே ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு, கைநுனியை மடித்து விடுகிறாள். எனக்குக் கைநுனி எப்போதும் நீளம். அவளுக்கும் நீளமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

மூன்று கிழமைக்குப் பிறகு இன்னொரு பை வந்தது. பிறகு நீலத்தில் ஒன்று, வேறு சங்கமாம். நான் மடிக்கிற வடிவைப் பார்த்துத்தான் என்னைத் தேடி வருகிறார்கள் என்று எண்ணினேன். எல்லா வீட்டுக் கதவிலும்தான் தொங்கியது. நான் என் கதவை மட்டும் பார்த்தேன். இவருடைய அலுமாரி மெல்ல மெல்ல இலையுதிர்த்தது.

"என்ரை சாம்பல் சுவெட்டரைக் கண்டனீரோ?"

"அது சுருங்கிப் போச்சு."

"நீலக் காற்சட்டை?"

"அதுவும் சுருங்கிப் போச்சு."

"இந்த வீட்டிலை நான் ஒருத்தன்தான் சுருங்காமல் இருக்கிறன்," என்றார் இவர்.

மாசி மாதம் வந்த பைக்குப் போட வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. சேலைகளைப் பார்த்தேன். இந்தப் பனியில் சேலை கட்டி யாராவது வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அலுமாரியின் கடைசி மூலையில் இவருடைய மண்ணிறக் கோட் உறைக்குள் தொங்கியது. மூன்று பனிக்காலமாக இவர் அதைத் தொடவில்லை. அதைப் போட்டதும் பை நிறைந்தது. என் மனமும் நிறைந்தது.

பை போய் நாலு நாள் கழித்து சுதா போன் எடுத்தாள். அவள் வீடு வாங்கிவிட்டாள். ஈஸ்டர் லீவில் பால் காய்ச்சவேண்டும், இரண்டு பேரும் வரவேண்டும் என்றாள். இவர் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ரை மண்ணிறக் கோட்டை எடுத்து வையும். அங்கை அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவன்."

அந்தக் கோட்டின் கதை எனக்குத் தெரியாததா? ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் நின்று முதல் சம்பளத்தில் வாங்கிய கோட் அது. மூன்று வருஷம் கழித்து நான் போய் இறங்கியபோது அதைப் போட்டுக்கொண்டுதான் விமான நிலையத்தில் நின்றார். அங்கே நின்றது மொத்தமே நாலு பேர். சாரத்திலும் சேர்ட்டிலும் மட்டும் இவரைக் கண்டிருந்த நான், ஆரோ பெரிய உத்தியோகத்தர் என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு இவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

"கோட் துவைக்கக் குடுத்திருக்கிறன்," என்றேன். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் இவருக்குச் சொன்ன முதல் பெரிய பொய். (சுருங்கியவை எல்லாம் சின்னப் பொய்.)

அதன் பிறகு நான் மனிதரின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கடையிலும் நிலையத்திலும் முதுகுகளைத்தான் பார்த்தேன். கறுப்பு முதுகு, சாம்பல் முதுகு, பனி படிந்த முதுகு. இவர் நாளுக்கொருக்கால் கேட்பார், "கோட் வந்ததோ?" என்று. ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் கறிக்கு லீக்ஸ் வாங்கிக்கொண்டு நிலையத்துப் பக்கமாக வந்தேன். பனி ஆறுதலாக, மேலே போவதா கீழே வருவதா என்று தெரியாமல் மிதந்தது. மேடையில் அந்த முதுகு நின்றது. கோட்டின் பின்வெட்டு கிழிந்தபோது மண்ணிற நூல் இல்லாமல் நீல நூலால் நான் தைத்த தையல் அப்படியே இருந்தது. ரயில் வந்தது. கோட் ஏறியது. என்னை அறியாமல் நானும் ஏறினேன்.

அந்தக் கோட் இருந்த ஆசனத்துக்குப் பின் ஆசனத்தில் இருந்தேன். எப்படிக் கதை தொடங்குவது என்று மனதுக்குள் நோர்வே மொழியை அடுக்கினேன். அடுக்க அடுக்கச் சரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் வெளுத்துக் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பெட்டிக்குள் நல்ல சூடு. கண்முன்னால் எனக்குப் பழக்கமான முதுகு, ரயிலோடு சேர்ந்து மெல்ல ஆடியது. இத்தனை கிழமைப் பயமும் கழன்று விழுந்தது. மடியில் லீக்ஸோடு நான் நித்திரையாகிப் போனேன்.

கண் விழித்தபோது ரயில் ஒஸ்லோ நிலையத்தில் நின்றது. இவர் எழும்பி, என்னை விட்டுவிட்டுக் கதவுப்பக்கம் போகிறார். பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.

"இஞ்சருங்கோ, என்னை விட்டிட்டு எங்கை போறியள்?"

இவர் திரும்பினார். வெள்ளை மீசை. நீலக் கண்.

கையை விட்டிருக்கலாம். என் விரல்கள் கேட்கவில்லை. அந்த மனிதர், "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். கோட்டைக் காட்டி விளக்கப் பார்த்தேன். அடுக்கி வைத்த மொழியில் இரண்டே சொற்கள்தான் வந்தன. "என்னுடைய புருஷன்," என்றேன். பெட்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் போனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். லீக்ஸ் என் காலடியில் கிடந்தது.

மேடையில் இறங்கினோம், கைபிடித்தபடியே. எனக்கு ஒரே வழிதான் இருந்தது. இவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, நான் ஒருத்தரைப் பிடிச்சு வச்சிருக்கிறன்."

"ஆரை?"

"உங்கட கோட்டை."

"துவைக்கக் குடுத்ததெண்டீர்?"

"ஓம். இப்ப அதுக்குள்ளை ஒருத்தர் நிக்கிறார்."

அந்தப் பக்கத்தில் ரேடியோ அணைந்தது. பிறகு, "அவரிட்டைக் குடும்," என்றார். அந்த மனிதர் போனைக் காதில் வைத்துக் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக மீசை ஆடியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இவர் நோர்வே மொழி படித்தது மீன் தொழிற்சாலையில். வாயைத் திறந்தால் அசல் வடக்கத்தி மீன்பிடிகாரன்தான். ஓலே (அதுதான் அவர் பெயர்) பிறகு சொன்னாராம், இறந்துபோன தன் வடக்கத்தி மாமனாரே போனில் ஏசுவது போல இருந்தது என்று.

அடுத்த ரயிலில் ஓலே என்னோடு வீட்டுக்கு வந்தார். இவர் கதவைத் திறந்து, முதலில் கோட்டையும் பிறகு என்னையும் பார்த்தார். ஓலே கோட்டைக் கழற்றிக் கொளுவியில் மாட்டினார். பழைய பொருள் கடையில் வாங்கியதாம். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையால் காட்டினார். இவர் தலையை ஆட்டி மறுத்தார்.

குசினிக்குள் வந்து என்னிடம் சொன்னார்: "குடுத்ததைத் திருப்பி வாங்கக்கூடாது. வெறும் பாத்திரம் உம்மட பாடமெண்டால், இது மற்றப் பாடம்."

"கோவமோ?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"என்னண்டு சொல்லுறது. பை வெறுமையாய்க் கிடந்தது."

இவர் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போனார். அந்த நடையில் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஓலே புறப்பட்டபோது ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் தட்டைவடை நிரப்பிக் கையில் கொடுத்தேன். கோட் மறுபடியும் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. கொளுவி வெறுமையாய் நின்றது.

விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது கதவுப் பிடியில் பை. போட வீட்டில் ஒரு நூலும் இல்லை. தொட்டுப் பார்த்தேன். காற்றுக்கு ஆடவில்லை. பாரமாக இருந்தது.

உள்ளே கோட். மடிப்பு அவ்வளவு வடிவில்லை. அதன் மேல் ஐஸ்கிரீம் டப்பா, நிறைய வாஃபிள்கள், ஒரு துண்டு மண்ணிறச் சீஸ். இந்தப் பாடத்தை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. ஒரு துண்டுத் தாளும் இருந்தது. இவர் வாசித்தார்: 'வடக்கே குளிர் அதிகம். போட்டுக்கொண்டு போங்கள். திரும்பி வந்தபின் என் முறை.'

இவர் கோட்டைப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் பொத்தானைப் பூட்டினார். "அண்டைக்கு இந்தக் கோட்டுக்குள்ளை நிண்ட புருஷனைத் தெரியாமல் தாண்டிப் போனீர்," என்றார். "இண்டைக்குக் கோட்டைக் கண்டிட்டு வேற ஆம்பிளையைக் கையிலை பிடிக்கிறீர். எப்பதான் சரியாய்ப் பிடிக்கப் போறீர்?"

ஹம்மர்பெஸ்ட்டில் விமானத்திலிருந்து இறங்கும்போது இவர் கையைச் சரியாகப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்தக் கோட் அதே பையில் ஓலே வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே போய்வருகிறது. ஒரு முறைகூட வெறுமையாகப் போனதில்லை. வடை போனால் வாஃபிள் வரும். சுதா போன் எடுத்தால் சுகம் விசாரிப்பதற்கு முதல் கேட்பது ஒன்றுதான்.

"அம்மா, இந்தக் கிழமை கோட்டுக்குள்ளை ஆர்?"

நான் எட்டி, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.